ஜிரா சத்தம் போடாது: கஸ்டம் ஃபீல்டும் ஆட்டோமேஷன் ரூலும் பட்டுத் தெரிந்துகொண்டவை

டீமின் வேலைகளையும் பக்குகளையும் டிக்கெட்டுகளாகப் பதிந்து பின்தொடரும் சாஃப்ட்வேர் ஜிரா. அதன் அட்மின் வேலையை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குவதில்லை. முன்பு பார்த்தவர் வேலையை விட்டுப் போனதும், "நீங்கதான் கொஞ்சம் செட்டிங்ஸ்லாம் பாப்பீங்களே" என்று யார் தலையிலாவது வந்து விழும். என் தலையில் விழுந்தபோது கையில் வந்தது இதுதான்: நாற்பது பேர் சுமாருக்கு ஒரு ஸ்டாண்டர்ட் பிளான், மூன்று டீம், வெளியாள் ஒருவர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன ஏராளமான கஸ்டம் ஃபீல்டுகள் (டிக்கெட்டில் நாமே சேர்க்கும் தகவல் கட்டங்கள்), யார் எழுதியது என்றே தெரியாத ரூல்கள் ("இது நடந்தால் அதைச் செய்" என்று ஜிராவுக்குச் சொல்லி வைக்கும் ஆட்டோமேஷன் கட்டளைகள்). எது எதற்கு என்று ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை. அந்த மாதத்திலேயே, ரூல்கள் மாதத்துக்கு இத்தனை முறைதான் ஓடலாம் என்ற ஆட்டோமேஷன் கோட்டா பாதி வழியில் தீர்ந்தது, எல்லோர் இன்பாக்ஸும் நிரம்பி வழிந்தது, ரிலீஸைத் தடுத்திருக்க வேண்டிய சில பக்குகள் லிஸ்டிலேயே வராமல் போய் ரிலீஸ் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. கோபத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஏனென்றால் எந்த இடத்திலும் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்ததில்லை. ஜிராவில் இந்த மாதிரிக் கோளாறுகளில் முக்கால்வாசி சத்தமில்லாமல்தான் நடக்கும். ஒரு ஃபீல்டு காலியாக இருக்கும், ஒரு ரூல் "வெற்றி" என்று காட்டிவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருக்கும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும்.

கோட்டா தீர்ந்த கதையை முதலில் சொல்கிறேன், அதில்தான் பணமும் சம்பந்தப்பட்டது. பக் எவ்வளவு தீவிரம் என்று சொல்ல "சிவியாரிட்டி" என்று ஒரு புது ஃபீல்டு. பழைய டிக்கெட்டுகளுக்கும் அது வேண்டும் என்று மேலிடம் கேட்க, ஒரு டீம் லீட், பல டிக்கெட்டுகளை ஒரே அடியாக மாற்றும் பல்க் சேஞ்ச் போட்டார். பல்க் சேஞ்ச் ஒரு முறைக்கு 1000 டிக்கெட் வரை எடுக்கும். அதில் "இந்த மாற்றத்துக்கு மெயில் அனுப்பு" என்ற கட்டம் ஏற்கெனவே டிக் ஆகியே வரும். எடுத்துவிட்டால்தான் மெயில் போகாது. இது இன்பாக்ஸ் பாதி. மீதிப் பாதி, சிவியாரிட்டி மாறினால் டியூ டேட்டை மாற்றி, சேனலில் ஒரு செய்தி போடும் ரூல் ஒன்று ஏற்கெனவே உயிரோடு இருந்தது. ரூலைத் தொடங்கி வைக்கும் "ஃபீல்டு வேல்யூ சேஞ்ச்டு" டிரிகருக்கு மனிதர் கையால் ஒன்றை மாற்றினாரா, பல்க்கில் ஆயிரத்தை மாற்றினாரா என்ற பேதமெல்லாம் கிடையாது. டிக்கெட் ஒன்றுக்கு ஒரு ஓட்டம். 2023 நவம்பரில் வந்த கணக்கின்படி ஜிரா ஸ்டாண்டர்ட் பிளானுக்கு மாதம் 1,700 ஓட்டம், இலவசப் பிளானுக்கு 100, பிரீமியத்தில் ஆளுக்கு 1,000. அதற்கு முன் ஒரே ப்ராஜெக்டுக்குள் ஓடும் ரூலுக்கு வரம்பே இருக்கவில்லை, அதனால் பழைய ஆட்கள் அமைத்த ரூல்கள் எல்லாமே தாராளமாக எழுதப்பட்டிருக்கும். இரண்டு சுற்று பல்க் சேஞ்ச், மாதக் கோட்டா காலி. அடுத்த மாதம் பிறக்கும்வரை ரூல்கள் ஓடாது. உடனே பிரீமியத்துக்கு ஏற்றலாமா என்று பேச்சு வந்தது. ஒரு ரூலின் பசிக்காக நாற்பது பேருக்கும் சேர்த்துக் கட்டணமா என்று கேட்டதும் பேச்சு நின்றது. மாத மிச்சம் முழுக்க ரூல் செய்த வேலையை ஆட்கள் கையால் செய்தார்கள்.

பல்க் சேஞ்சுக்கு முன் செய்ய வேண்டியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த ஃபீல்டைத் தொடும் ரூல்களைத் தேடி டிஸேபிள் செய்யுங்கள், குளோபல் ரூல் பட்டியலையும் பாருங்கள், ப்ராஜெக்ட் பட்டியல் மட்டும் போதாது. மெயில் டிக்கை எடுங்கள். முதலில் ஐந்து டிக்கெட்டில் மட்டும் ஓட்டி ஹிஸ்டரி டேப்பில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு மிச்சம். எல்லாம் முடிந்ததும் ரூல்களை மறக்காமல் எனேபிள் செய்யுங்கள். இதற்குத் தனியாக யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் மறந்துதான் போகும்.

1,700-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 57 ஓட்டம். நாற்பது பேர் டீமுக்கு அது ஒன்றுமே இல்லை. எனவே ரூல் எழுதும்போதே, இந்த டிரிகர் ஒரு நாளில் எத்தனை முறை தட்டும், அதில் எத்தனை முறை ஆக்‌ஷன் வரை போகும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடுங்கள். ஆக்‌ஷன் எதுவும் செய்யாமல் கண்டிஷனிலேயே நின்றுபோகும் ஓட்டம் கோட்டாவில் சேராது, ஆகவே கண்டிஷனை டிரிகருக்கு அடுத்தபடியாகவே வைப்பது லாபம். உடனுக்குடன் நடக்க வேண்டாத வேலைகளை ஷெட்யூல்டு டிரிகருக்கு மாற்றிவிடலாம். இரவு ஒரு முறை ஓடி, ஜேக்யூஎல் (ஜிராவின் தேடல் மொழி) பிராஞ்ச், அதாவது ரூலுக்குள் பல டிக்கெட்டுகளில் வேலை செய்யும் கிளை, வழியாகத் தேவையான டிக்கெட்டுகளைப் பிடித்து வேலையை முடித்தால் ஒரே ஓட்டம். ஆட்டோமேஷன் பக்கத்தில் யூஸேஜ் என்று ஒரு டேப் இருக்கிறது, எந்த ரூல் எவ்வளவு தின்கிறது என்று அங்கே தெரியும். மாதத்தின் முதல் வாரத்திலேயே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. என் அனுபவத்தில் முதல் இரண்டு ரூல்கள்தான் பெரும்பகுதியைத் தின்னும், மற்றதெல்லாம் சில்லறை.

இனி ஃபீல்டுக்கு வருவோம். புது ஃபீல்டு கேட்டு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை யார் நிரப்புவார், யார் படிப்பார், படித்து என்ன முடிவெடுப்பார். மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால் அந்த ஃபீல்டு வேண்டாம். "இருக்கட்டுமே, பின்னால் உதவும்" என்று சேர்த்த ஃபீல்டு ஒன்றுகூடப் பின்னால் உதவி நான் பார்த்ததில்லை. "ரூட் காஸ்" என்று பதினாலு ஆப்ஷனோடு ஒரு டிராப்டவுன் இருந்தது. டெவலப்பர்கள் எல்லோரும் "அதர்ஸ்" என்பதையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஆறேழு ஆப்ஷனுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை, கண்ணில் பட்டதை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஃபீல்டு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் வேண்டும், ஒருமுறை உருவாக்கியபின் வகையை நினைத்தபடி மாற்ற முடியாது. ஷார்ட் டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டால் பின்னால் அதை டிராப்டவுன் ஆக்க வழியில்லை. புதிதாக ஒரு ஃபீல்டு திறந்து, பழைய மதிப்பு ஒவ்வொன்றாகத் தேடி, பல்க் சேஞ்சில் மாற்ற வேண்டும். அதிலும் டெக்ஸ்ட் ஃபீல்டை ஜேக்யூஎல்லில் சமக்குறி (=) போட்டுத் தேட முடியாது, அலைக்குறிதான் (~). அலைக்குறி வார்த்தையைத் தேடும், முழு மதிப்பை அல்ல. "புரொடக்‌ஷன்" என்று தேடினால் "ப்ரீ புரொடக்‌ஷன்" சேர்ந்து வரும். ஷார்ட் டெக்ஸ்டுக்கு 255 எழுத்துதான் எல்லை என்பதும் நினைவிருக்கட்டும், யாராவது எரர் லாகை அதில் ஒட்டப் பார்ப்பார்கள். டிராப்டவுனில் ஒரு ஆப்ஷன் இனி வேண்டாம் என்றால் டிலீட் செய்யாதீர்கள், டிஸேபிள் செய்யுங்கள். டிஸேபிள் செய்தால் புதிதாக யாரும் தேர்ந்தெடுக்க முடியாது, பழைய டிக்கெட்டில் மதிப்பு அப்படியே இருக்கும். டிலீட் செய்தால் பழைய டிக்கெட்டுகளிலிருந்தும் போய்விடும், போன வருட ரிப்போர்ட்டும் சேர்ந்து போகும்.

பெயர் இன்னொரு தலைவலி. ஒரே பெயரில் இரண்டு ஃபீல்டு இருப்பதை ஜிரா தடுக்காது. "என்விரான்மென்ட்" என்று ஜிராவிலேயே பிறவியாக ஒரு ஃபீல்டு உண்டு, அது நீளமாக எழுதும் டெக்ஸ்ட். அது தெரியாமல் அதே பெயரில் டிராப்டவுன் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஃபில்டர் எழுதுகிறவர் ஒன்றை நினைத்து எழுத, ரூல் எழுதியவர் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க, டெஸ்டர் ஒருவர் வந்து, "அண்ணா, நான் ஸ்டேஜிங்னு போட்டுத்தான் வச்சேன், போர்டுல வரவே மாட்டேங்குது" என்றார். அவர் போட்டது உண்மைதான், வேறு ஃபீல்டில். பெயருக்கு முன்னால் டீமையோ நோக்கத்தையோ சேர்த்து, "டெஸ்ட் என்விரான்மென்ட்" என்பது போல வைத்தால் இந்தக் குழப்பம் வராது. ஒவ்வொரு கஸ்டம் ஃபீல்டுக்கும் ஒரு எண் உண்டு, ஃபீல்டின் எடிட் பக்கத்தைத் திறந்தால் முகவரியின் கடைசியில் தெரியும். சந்தேகம் வந்தால் அந்த எண்ணை வைத்தே ஜேக்யூஎல் எழுதலாம், பெயர் இரட்டிப்பானாலும் எண் இரட்டிப்பாகாது.

ரிலீஸ் தள்ளிப்போனதற்குக் காரணம் இதைவிடச் சின்னது. ரிலீஸ் லிஸ்டுக்கான ஃபில்டர், "சிவியாரிட்டி லோ அல்லாதவை எல்லாம்" என்று எழுதப்பட்டிருந்தது. படிக்கும்போது சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் ஜேக்யூஎல்லில் "சமமல்ல" என்ற குறி, அந்த ஃபீல்டு காலியாக இருக்கும் டிக்கெட்டுகளைத் தராது. "நாட் இன்" என்பதும் அப்படியே. சிவியாரிட்டியே போடாத பக்குகள், அதாவது யாரும் இன்னும் பார்க்காத பக்குகள், லிஸ்டிலிருந்து நைசாக நழுவிவிட்டன. அவற்றில்தான் பேமென்ட் திரையில் தொங்கும் பக் இருந்தது. சரியான வடிவம்: சிவியாரிட்டி லோ அல்ல, அல்லது சிவியாரிட்டி "இஸ் எம்ப்டி". இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுத வேண்டும், இல்லையென்றால் அந்த "அல்லது" மற்ற நிபந்தனைகளையும் இழுத்துக்கொண்டு போய் வேறு ப்ராஜெக்ட் டிக்கெட்டெல்லாம் கொட்டும். டீஃபால்ட் வேல்யூ வைத்துவிட்டோமே, காலியாக எப்படி இருக்கும் என்று கேட்கலாம். டீஃபால்ட் என்பது அதற்குப் பிறகு உருவாகும் டிக்கெட்டுக்குத்தான், பழையவை காலியாகவே இருக்கும். நான் இப்போது டீஃபால்ட் வைப்பதே இல்லை. "மீடியம்" என்று தானாக விழுந்தால், யாரோ யோசித்துப் போட்டதா, தானாக வந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. காலி என்றால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம், அந்தத் தகவலே உபயோகமானது.

ஃபீல்டு உருவாக்கிவிட்டேன், டிக்கெட்டில் காணோம் என்பது அடுத்த பொதுப் புகார். கம்பெனி மேனேஜ்டு ப்ராஜெக்டில், அதாவது அட்மின் பொதுவாக அமைக்கும் ப்ராஜெக்டில், ஒரு ஃபீல்டு கண்ணுக்குத் தெரிய மூன்று வாசலைத் தாண்ட வேண்டும். ஒன்று கான்டெக்ஸ்ட், எந்த ப்ராஜெக்டுக்கு, எந்த இஷ்யூ டைப்புக்கு (பக், டாஸ்க் போன்ற டிக்கெட் வகை) இந்த ஃபீல்டு செல்லும் என்பது. இரண்டு ஃபீல்டு கான்ஃபிகரேஷன், அதில் ஹைடு செய்திருந்தால் வராது. மூன்று ஸ்க்ரீன், அதிலும் கிரியேட் செய்யும் ஸ்க்ரீன், எடிட் ஸ்க்ரீன் தனித்தனியாக இருக்கலாம். இதே வரிசையில் தேடினால் சீக்கிரம் பிடிபடும். டிராப்டவுனின் ஆப்ஷன்கள் கான்டெக்ஸ்டைச் சேர்ந்தவை என்பதையும் கவனியுங்கள், கான்டெக்ஸ்டை அழித்தால் அதன் ஆப்ஷன்களும் சேர்ந்து அழியும். தேவையில்லாத கான்டெக்ஸ்ட் என்று சுத்தம் செய்யப் போகும்போதுதான் இந்த விபத்து நடக்கும்.

இதே வாசல்கள் ரூலையும் தடுக்கும், ஆனால் சொல்லாமல் தடுக்கும். பக் உருவானதும் ஒரு டெஸ்ட் டாஸ்க்கைத் தானாக உருவாக்கி, டெஸ்டிங்குக்குப் பொறுப்பானவரைக் குறிக்கும் "க்யூஏ ஓனர்" ஃபீல்டை நிரப்பும் ரூல் ஒன்று. டாஸ்க் உருவாகிறது, ஓனர் மட்டும் காலி. ரூல் லிஸ்டில் பார்த்தால் பச்சை. ரூல் ஒவ்வொரு முறையும் என்ன செய்தது என்று பதியும் ஆடிட் லாகில் அந்த வரியை விரித்துப் பார்த்தால்தான், கீழே சாம்பல் எழுத்தில் "ஃபீல்ட்ஸ் இக்னோர்ட்" என்று, ஃபீல்டின் பெயரும் கஸ்டம்ஃபீல்ட் எண்ணும் போட்டிருந்தது. அந்த ஃபீல்டு பக் டைப்பின் ஸ்க்ரீனில் இருந்தது, டாஸ்க் டைப்பின் ஸ்க்ரீனில் இல்லை. "சக்ஸஸ்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள், விரித்துப் பாருங்கள்.

ஒரு ஃபீல்டைக் கட்டாயமாக்குவது பற்றி. ஃபீல்டு கான்ஃபிகரேஷனில் "ரெக்வயர்டு" என்று அழுத்தினால் அது எல்லா வழிகளுக்கும் பொருந்தும். திரையில் டிக்கெட் போடுகிறவருக்கு மட்டுமல்ல, மெயில் வழியாக வரும் டிக்கெட், மானிட்டரிங் டூல் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) வழியாகப் போடும் டிக்கெட், ரூல் உருவாக்கும் டிக்கெட் எல்லாவற்றுக்கும். அந்த வழிகளில் ஃபீல்டை நிரப்ப ஆள் கிடையாது, எனவே டிக்கெட்டே உருவாகாது. கஸ்டமரிடமிருந்து மெயில் வருவது நின்றுபோனது மாதிரி இருக்கும், அமைதியாக இருக்கிறதே என்று டீம் சந்தோஷப்படும். கிரியேட் ஸ்க்ரீனில் சேர்க்காமல் கட்டாயம் மட்டும் ஆக்கிவிட்டால் இன்னும் வேடிக்கை, கண்ணில் தெரியாத ஃபீல்டை நிரப்பச் சொல்லிக் கேட்கும். என் பரிந்துரை, உருவாக்கும்போது எதையும் கட்டாயமாக்காதீர்கள். வொர்க்ஃப்ளோவில் எந்தக் கட்டத்தில் அந்தத் தகவல் நிஜமாகவே வேண்டுமோ அந்த டிரான்ஸிஷனில் (ஒரு ஸ்டேட்டஸிலிருந்து அடுத்ததற்கு நகரும் படி) ஒரு வேலிடேட்டர், அதாவது நிரப்பாமல் நகர விடாத சோதனை, வையுங்கள், கூடவே அந்த டிரான்ஸிஷனுக்கு ஒரு ஸ்க்ரீனும் வையுங்கள். ரூட் காஸ் பக் திறக்கும்போது யாருக்குத் தெரியும்? மூடும்போதுதான் தெரியும். ஆனால் ஒன்று, அதே டிரான்ஸிஷனை ஒரு ரூல் தானாகச் செய்துகொண்டிருந்தால் அந்த ரூலும் வேலிடேட்டரில் முட்டி நிற்கும். வேலிடேட்டர் சேர்த்த அன்றே, அந்த ஸ்டேட்டஸுக்கு நகர்த்தும் ரூல்கள் எவை என்று தேடுங்கள்.

டீமே தனக்கென அமைத்துக்கொள்ளும் டீம் மேனேஜ்டு ப்ராஜெக்ட் வேறு உலகம். அங்கே உருவாக்கும் ஃபீல்டு அந்த ப்ராஜெக்டுக்கு மட்டுமே சொந்தம், டிக்கெட்டை வேறு ப்ராஜெக்டுக்கு நகர்த்தினால் மதிப்பு கூடவே வராது. இதில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி, வேலையின் அளவை மதிப்பிடும் எண்ணான ஸ்டோரி பாயின்ட். கம்பெனி மேனேஜ்டில் அது "ஸ்டோரி பாயின்ட்ஸ்", டீம் மேனேஜ்டில் "ஸ்டோரி பாயின்ட் எஸ்டிமேட்". இரண்டும் வேறு வேறு ஃபீல்டு. ஒன்றுக்காக எழுதிய கூட்டல் ரூலை இன்னொன்றில் ஓட்டினால் எரர் வராது, கூட்டுத்தொகை வராமல் இருக்கும். அவ்வளவுதான்.

ஸ்மார்ட் வேல்யூ பக்கம் வந்தால் இந்த அமைதி உச்சத்துக்குப் போகும். இரட்டை நெளி அடைப்புக்குறிக்குள் ஃபீல்டின் பெயரை எழுதி மதிப்பை எடுக்கும் முறை அது. பெயரில் ஓர் எழுத்து தவறினால் எரர் இல்லை, அந்த இடம் வெற்றாக விழும். யாராவது ஃபீல்டுக்குப் பெயர் மாற்றினாலும் அதே கதி. ரூலில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த ஃபீல்டு பெயர் மாற்றத்தைத் தாங்கும், கையால் தட்டச்சு செய்த ஸ்மார்ட் வேல்யூ தாங்காது. அதனால் பெயருக்குப் பதில் கஸ்டம்ஃபீல்ட் என்று எழுதி, அடிக்கோடு போட்டு, எண்ணைச் சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு. படிக்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை, ரூலின் விளக்கத்தில் எந்த எண் எந்த ஃபீல்டு என்று குறித்துவிடுங்கள். மெனுவில் "இஷ்யூ" என்பதை "வொர்க் ஐட்டம்" என்று மாற்றிவிட்டார்கள், ஸ்மார்ட் வேல்யூவில் பழைய "இஷ்யூ" இன்னும் வேலை செய்கிறது, பழைய ரூல்களை அதற்காகத் திருத்த ஓட வேண்டாம்.

தேதிக் கணக்கில் இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம். ஸ்மார்ட் வேல்யூவில் "நவ்" என்பது யூடிசி என்ற உலகப் பொது நேரம். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 5 மணிக்கு ஓடும் ரூல் "இன்றைய தேதி" என்று எழுதினால் நேற்றைய தேதி விழும். 6 மணிக்கு ஓட்டினால் சரியாக விழும், அதனால் சோதிக்கும்போது பகலில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நேர மண்டலத்தை மாற்றும் ஃபங்ஷனைச் சேர்த்து, ஏஷியா கொல்கத்தா என்று கொடுத்தபின் தேதியை எடுங்கள். டியூ டேட்டுக்கு வேலை நாள் கூட்டும் ஃபங்ஷன் சனி, ஞாயிறைத் தாண்டும், பொங்கல் தெரியாது. போகிக்கு முந்தின நாள் வந்த பக்குக்கு இரண்டு வேலை நாள் என்று கணக்குப் போட்டு, நடுப் பொங்கலில் "ஓவர்டியூ" மெயில் அனுப்பும். இதற்கு அழகான தீர்வு எதுவும் இல்லை. விடுமுறை வாரத்தில் அந்த ரூலை அணைத்து வைப்பதுதான் நாங்கள் செய்வது.

ஒரே ரூலுக்குள் ஒரு ஃபீல்டை மாற்றிவிட்டு, அடுத்த ஆக்‌ஷனில் அதன் மதிப்பைப் படித்தால் பழைய மதிப்புதான் வரும். ரூல் தொடங்கியபோது எடுத்த நகலை வைத்தே அது ஓடுகிறது. நடுவில் "ரீ ஃபெட்ச்" ஆக்‌ஷனைப் போட வேண்டும். அதேபோல பிராஞ்சுக்குள் பல டிக்கெட்டுகள் இருந்தால் அவை இணையாக ஓடும், பிராஞ்சுக்குக் கீழே எழுதிய ஆக்‌ஷன், பிராஞ்ச் முடியும்வரை காத்திருக்காது. "எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கடைசியில் ஒரு மெயில்" என்று எழுதினால் மெயில் முதலில் போய்ச் சேரலாம்.

ரூல் ரூலைத் தூண்டும் சுழற்சி பற்றிப் பலர் பயப்படுவார்கள். உண்மையில் ஒரு ரூல் செய்த மாற்றம் இன்னொரு ரூலைத் தூண்டாது, அது டீஃபால்ட். ரூல் விவரத்தில் "மற்ற ரூல்கள் இதைத் தூண்டலாம்" என்ற கட்டத்தை டிக் செய்தால்தான் தூண்டும். அப்போதும் பத்துச் சுற்றில் ஜிரா நிறுத்திவிடும். நிஜமான தொல்லை வெளியிலிருந்து வருவது. எங்கள் பில்டு பைப்லைன் (கோடைத் தானாகத் தொகுக்கும் அமைப்பு) ஒவ்வொரு பில்டிலும் "பில்டு நம்பர்" ஃபீல்டை ஏபிஐ வழியாகத் திருத்தும். ஜிராவின் கண்ணுக்கு அது ஒரு மனிதர் செய்த எடிட் மாதிரிதான். ஃபீல்டு மாறினால் என்று டிரிகர் வைக்கும் ரூலில், மாற்றியது பைப்லைன் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுன்ட் அல்ல என்று ஒரு யூசர் கண்டிஷன் சேர்த்தால் பாதிச் சத்தம் அடங்கும். டிரிகரிலும் எடிட், கிரியேட், டிரான்ஸிஷன் என்று எந்தச் செயலுக்கு என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி உண்டு. காலியாக விட்டால் எல்லாவற்றுக்கும் என்று அர்த்தம்.

"ஒரு வாரமாக யாரும் தொடாத டிக்கெட்டுக்கு நினைவூட்டல்" என்பது எல்லா டீமும் கேட்கும் ரூல். அப்டேட்டட் தேதி ஏழு நாளுக்கு முன் என்று தேடி, கமென்ட் போடுவார்கள். கமென்ட் போட்டதுமே அப்டேட்டட் தேதி இன்றைக்கு மாறிவிடும். டிக்கெட் புதிதாகத் தொட்டது போல ஆகி, அடுத்த வாரம் மறுபடி கமென்ட், மறுபடி புதிது. பதினாலு நாள் தொடாததை மேனேஜருக்குச் சொல் என்று இரண்டாவது ரூல் எழுதியிருந்தால் அது ஒருபோதும் ஓடாது, முதல் ரூலே அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். அப்டேட்டட்டை விட்டுவிட்டு, ஏழு நாளில் ஸ்டேட்டஸ் மாறாதவை என்று ஜேக்யூஎல் எழுதுங்கள், கமென்ட் அதைப் பாதிக்காது.

ரூல் யாருடைய பெயரில் ஓடுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். டீஃபால்ட்டாக ஆட்டோமேஷன் ஃபார் ஜிரா என்ற யூசர். சிலர் தங்கள் பெயரிலேயே வைத்திருப்பார்கள், அவர் வேலையை விட்டுப் போய் அக்கவுன்ட் முடங்கியதும் ரூல் படுத்துவிடும். வேலையை விடுபவரின் செக்லிஸ்டில் லேப்டாப்புக்கு அடுத்து இதைச் சேர்க்க வேண்டும். பர்மிஷன் ஸ்கீமை இறுக்குகிறேன் என்று யாராவது ஆப்களுக்கு அனுமதி தரும் அட்லாஸியன் ஆட்ஆன்ஸ் ரோலை எடுத்துவிட்டாலும் அந்த ப்ராஜெக்டில் ரூல் எதையும் திருத்த முடியாது.

கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பக்கம் ஒரே ஒரு விஷயம். புல் ரிக்வெஸ்ட் (ஒரு கிளையின் கோடை இன்னொன்றில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) மெர்ஜ் ஆனால் டிக்கெட்டை "ரெடி ஃபார் ரிலீஸ்" என்று நகர்த்தும் ரூல், எந்தக் கிளையில் மெர்ஜ் ஆனாலும் ஓடும். ஒரு ஃபீச்சர் பிராஞ்சை இன்னொரு ஃபீச்சர் பிராஞ்சில் சேர்த்தாலும் டிக்கெட் நகர்ந்துவிடும். டெஸ்டினேஷன் பிராஞ்ச் மெயின்தானா என்று ஸ்மார்ட் வேல்யூ கண்டிஷன் ஒன்று அவசியம். பிராஞ்ச் பெயரில் டிக்கெட் எண் பெரிய எழுத்தில் இருந்தால்தான் இணைப்பே நடக்கும் என்பதை டெவலப்பர்களிடம் சொல்லிவிடுங்கள். சின்ன எழுத்தில் தட்டிவிட்டு, ரூல் வேலை செய்யவில்லை என்று உங்களிடம்தான் வருவார்கள்.

புது ரூல் எதையும் நேராக அசல் டிரிகரில் ஏற்றாமல், முதலில் மேனுவல் டிரிகரில் வைத்து ஒரே ஒரு டிக்கெட்டில் ஓட்டுங்கள். ஸ்மார்ட் வேல்யூ ஒவ்வொன்றையும் லாக் ஆக்‌ஷன் வழியாக ஆடிட் லாகில் அச்சடித்துப் பாருங்கள், வெற்று இடம் உடனே தெரியும். எண் ஃபீல்டாக இருந்தால் 3 என்பது 3.0 என்று விழுகிறதா என்றும் பாருங்கள், சேனல் செய்தியில் அது பார்க்க நன்றாக இருக்காது. எல்லாம் சரியாக வந்தபின் டிரிகரை மாற்றுங்கள். ஃபீல்டு காலியாக உள்ள ஒரு டிக்கெட்டிலும் ஓட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். பெரும்பாலான ரூல்கள் அங்கேதான் உதைக்கும்.

கடைசியாக நான் செய்தது, ஒரு ஷீட்டில் எல்லா கஸ்டம் ஃபீல்டையும் எண்ணோடு எழுதி, எந்த ரூல், எந்த ஃபில்டர், எந்த போர்டு அதைப் பயன்படுத்துகிறது, கேட்டவர் யார் என்று நிரப்பியது. சலிப்பான வேலைதான். எதுவும் நிரம்பாமல் நின்ற வரிசைகள் ஏராளம், அவை அழிக்க வேண்டிய ஃபீல்டுகள். அழிக்கும் முன் முதலில் ஸ்க்ரீனிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு ஒரு ஸ்பிரின்ட் (டீமின் ஒரு வேலைச் சுற்று) காத்திருங்கள், யாரும் கத்தவில்லையென்றால் ட்ராஷுக்கு அனுப்புங்கள். ட்ராஷில் 60 நாள் இருக்கும், அதற்குள் கேட்டால் மதிப்புகளோடு திரும்ப எடுக்கலாம். காலாண்டு ரிப்போர்ட் எடுக்கும் நிதிப் பிரிவு மாதிரி ஆட்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார்கள், அவர்களுக்கு 60 நாள் போதாது. அவர்களிடம் மட்டும் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.